592 எடுத்த பிள்ளைக்குப் பெரிய கல்லூரியில் இடம் கிடைக்குமா?

பிளஸ் டூ முடிவு வந்த மறு ஞாயிற்றுக்கிழமை, புது நத்தம் ரோட்டில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு தகப்பனாரும் மகளும் வந்தார்கள். பாலமேட்டுப் பக்கம் ஊர். நான் பிளஸ் டூவுக்குக் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன். கல்லூரிச் சேர்க்கை பற்றிக் கேட்டு வரும் பிள்ளைகளோடு ஞாயிறுதோறும் அங்கே உட்கார்ந்து பேசுவேன். அவர் மதிப்பெண் பட்டியலின் நகலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதைப் பிரித்து மேசையில் வைத்து, மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டுக் கேட்டார்: "பாப்பா ஐநூத்தித் தொண்ணூத்திரெண்டு சார். ஸ்கூல் ஃபர்ஸ்ட்டு. எந்தப் பெரிய காலேஜுனாலும் கெடச்சிரும்ல?"

நன்றாகப் படிக்கிற பிள்ளை உள்ள எல்லா வீட்டிலும் இதே கேள்விதான். இதற்கு 'கிடைக்கும்', 'கிடைக்காது' என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். வாய்ப்பை எப்படிக் கணக்கிடுவது என்று தெரிந்துகொண்டால் பதிலை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

அவர் வீட்டில் காளை வளர்க்கிறார் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. "நல்ல காளையாய்யா?" என்றேன். "கன்னுக்குட்டியில இருந்து வளத்தது சார், கிட்ட போக முடியாது." "போன தையில அலங்காநல்லூர்ல அவுத்தீங்களா?" "டோக்கன் விழுகலையே சார்."

கணக்கு முழுவதும் அந்தப் பதிலிலேயே இருக்கிறது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்று ஊர் ஜல்லிக்கட்டுக்கும் ஆன்லைனில் பல ஆயிரம் காளைகள் பதிவாகின்றன. ஓர் ஊர் வாடிவாசலில் ஒரு பகலில் அவிழ்க்க முடிவது ஆயிரத்தை ஒட்டித்தான். டோக்கன் விழாததால் அவர் காளை நோஞ்சான் ஆகிவிடவில்லை. காளை எப்படிப்பட்டது என்பது ஒரு கேள்வி, டோக்கன் விழுமா என்பது வேறு கேள்வி. கல்லூரி வாய்ப்பும் இப்படித்தான். பிள்ளை கெட்டிக்காரியா என்று கேட்டால் மதிப்பெண் பட்டியல் பதில் சொல்லும். இடம் கிடைக்குமா என்று கேட்டால் மூன்று விவரம் வேண்டும்: வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள், உள்ளே எத்தனை இடம், எதை வைத்துப் பொறுக்குகிறார்கள்.

கடைசி விவரத்தில்தான் வீடுகளில் முதல் தவறு நடக்கிறது, அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

மொத்தம் வேறு, கட்-ஆஃப் வேறு

அந்தப் பெண்ணின் பட்டியல் இது: தமிழ் 97, ஆங்கிலம் 98, கணிதம் 99, இயற்பியல் 98, வேதியியல் 100, கணினி அறிவியல் 100. கூட்டினால் 592. ஆனால் தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் இந்த 592 எந்த இடத்திலும் முதலில் வந்து நிற்காது. அங்கே கணிதம் 100-க்கும், இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பட்டு 50, 50-க்கும் எடுக்கப்படும். ஆக 99 + 49 + 50 = 198. 200-க்கு 198. இதைத்தான் கட்-ஆஃப் என்கிறோம்.

இன்னொரு பையன் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் நூறு வாங்கி, தமிழில் 93, ஆங்கிலத்தில் 92, கணினியில் 95 எடுத்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் மொத்தம் 580. பள்ளியில் முதல் மூன்று இடத்தில்கூட அவன் வராமல் போகலாம். கட்-ஆஃபில் அவன் 200. அண்ணா பல்கலைக்கழக வாசலில் அவன் முன்னால் நிற்பான், 592 எடுத்தவள் பின்னால் நிற்பாள். அநியாயம் என்று தோன்றலாம், ஆனால் அந்த வாசலின் அளவுகோல் அதுதான். தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு எடுக்கப்பட்டு ஏறக்குறைய இருபது வருடம் ஆகிறது. அதிலிருந்து இந்த மூன்று பாடங்கள்தான் தராசு.

ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு தராசு. மருத்துவத்துக்கு 720-க்கான நீட் மதிப்பெண் ஒன்றுதான் கணக்கு, பிளஸ் டூவில் 592 எடுத்தது அங்கே ரேங்கைக் கூட்டாது. ஐஐடிக்கு ஜேஇஇ மெயின் என்ற நுழைவுத்தேர்வு, அதில் தேறியவர்களுக்கு அட்வான்ஸ்டு. பிளஸ் டூ மதிப்பெண் அங்கே குறைந்தபட்சத் தகுதியாக மட்டும் பார்க்கப்படுகிறது. சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதக் கழகம் தன் தேர்வைத் தானே நடத்துகிறது. கணக்கில் உயிரை விடும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் அதுதான். மதுரைப் பக்கம் பல வீடுகளுக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியவில்லை.

மதிப்பெண்ணை விடுங்கள், ரேங்கைப் பாருங்கள்

"போன வருஷம் இந்த மார்க்குக்கு எங்க சொந்தக்காரப் பையனுக்குக் கெடச்சுச்சே" என்று ஒரு பேச்சு வரும். பொறியியல் தரவரிசையில் 200-க்கு 200 எடுத்தவர்கள் 2023-இல் 102 பேர். 2024-இல் 65 பேர். 2025-இல் 144 பேர். அதே இருநூறுதான், ஆனால் அதில் கடைசியாக நிற்பவரின் ரேங்க் ஒரு வருடம் 65, மறு வருடம் 144. இருநூறிலேயே இவ்வளவு ஆட்டம் என்றால், ஒரே மதிப்பெண்ணில் நூற்றுக்கணக்கானவர்கள் குவிந்து நிற்கும் 198-லும் 195-லும் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே பாருங்கள். அந்தக் கூட்டத்தைப் பிரிக்கப் பாட மதிப்பெண்ணில் தொடங்கிப் பிறந்த தேதி, ரேண்டம் எண் வரை போகிறார்கள்.

நீட்டில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 2024-இல் திருத்திய முடிவுக்குப் பிறகும் 17 பேர் 720-க்கு 720 வைத்திருந்தார்கள். 650 எடுத்தவருக்கு முன்னால் பல்லாயிரம் பேர் நின்றார்கள். 2025-இல் வினாத்தாள் கடினம். நாட்டிலேயே முதல் மதிப்பெண் 686, 650-ஐத் தாண்டியவர்கள் மொத்தம் 73 பேர். 2024-இல் 650 எடுத்து நொந்துபோன பிள்ளையும் 2025-இல் 600 எடுத்து அழுத பிள்ளையும் எனக்குத் தெரியும். இரண்டாவது பிள்ளை அழுதிருக்க வேண்டியதே இல்லை. மதிப்பெண் வினாத்தாளோடு ஏறி இறங்கும். இடங்களின் எண்ணிக்கை அப்படி ஆடாது, அதனால் ரேங்குதான் ஒப்பிடத் தகுந்தது.

ஜேஇஇ மெயினில் வரும் பர்சன்டைலும் நிறையப் பேரைக் குழப்புகிறது. அது விழுக்காடு மதிப்பெண் இல்லை. 99 பர்சன்டைல் என்றால் தேர்வு எழுதிய நூறு பேரில் 99 பேரை எட்டிவிட்டோம் என்று பொருள். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் எழுதுகிறவர்கள் இப்போது 14 லட்சத்துக்கு மேல். அதில் நூற்றில் ஒரு பங்கு 14,000. அதாவது 99 பர்சன்டைல் எடுத்த பிள்ளைக்கு முன்னால் பதினாலாயிரம் பேர் நிற்கிறார்கள். நூறிலிருந்து பர்சன்டைலைக் கழித்து, எழுதியவர் எண்ணிக்கையால் பெருக்கி, நூறால் வகுத்தால் ஏறத்தாழ ரேங்க் வந்துவிடும். மெயினில் முதல் இரண்டரை லட்சம் பேர் அட்வான்ஸ்டு எழுதலாம். 23 ஐஐடிகளிலும் சேர்த்து இடம் 18,000-ஐ ஒட்டி.

நாம் நிற்பது எந்த வரிசை

வாசல் ஒன்றாக இருந்தாலும் உள்ளே போகும் வரிசைகள் பல. தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியலினத்தவர் 18 (இதில் 3 அருந்ததியருக்கு), பழங்குடியினர் 1. பொதுப்பிரிவு 31-இல் எல்லோரும் போட்டியிடலாம். ஆகவே பொது ரேங்க், சமுதாய ரேங்க் இரண்டையும் பார்க்க வேண்டும். பொது ரேங்கை மட்டும் பார்த்து மனம் ஒடிந்து போகிறவர்களும் உண்டு.

நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: "பாப்பா, ஆறாவதுல இருந்து எங்க படிச்ச?" "கவர்மென்ட் ஸ்கூல்தான் சார், பன்னெண்டு வரைக்கும்." தகப்பனார் குறுக்கே, "அந்த ஏழரை மெடிக்கலுக்குத்தான சார்?" என்றார். இல்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு மருத்துவத்துக்கு 2020-இல் வந்தது, பொறியியலுக்கு 2021-இல் வந்தது. அவர் மகளுக்கு அது தனி வரிசை. அந்த வரிசையில் 198 என்பது வேறு உயரம். இதைச் சொன்னதும் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மத்திய நிறுவனங்களில் வேறு பிரிவினைகள். திருச்சி என்ஐடி போன்ற இடங்களில் பாதி இடம் அந்தந்த மாநிலப் பிள்ளைகளுக்கு. அதனால் தமிழ்நாட்டு வரிசையின் கடைசி ரேங்க் (கடைசியாக இடம் பெற்றவரின் ரேங்க்) வேறு, வெளிமாநில வரிசையின் கடைசி ரேங்க் வேறு. ஐஐடியில் மாநிலக் கணக்கு கிடையாது. ஆனால் பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள் 2018 முதல் உண்டு, அவற்றின் கடைசி ரேங்க் தனியாக அச்சாகிறது. பெண் பிள்ளை பொது வரிசையின் கடைசி ரேங்கைப் பார்த்து 'நமக்கு இல்லை' என்று பக்கத்தை மூடிவிட்டால், தனக்கென்று இருக்கும் வரியைப் படிக்காமலே போகிறாள்.

பார்க்க வேண்டியது இதுதான்: பிடித்த கல்லூரி, பிடித்த பாடப்பிரிவு, நம் வரிசை, அதில் கடந்த மூன்று வருடத்தின் கடைசி ரேங்க். அந்த மூன்றிலும் மிகக் கடுமையான வருடத்தை எடுத்துக்கொண்டு நம் ரேங்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த வருடத்திலும் நம் ரேங்க் உள்ளே வந்திருக்கும் என்றால் அது கைக்குள் இருக்கும் இடம். ஒரு வருடம் உள்ளே, ஒரு வருடம் வெளியே என்றால் இழுபறி. மூன்று வருடமும் வெளியே என்றால் ஆசை இடம். ஆசை இடத்தை எழுதக்கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஏனென்றால் கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் வேலை செய்யும் விதம் அப்படி. மேலிருந்து கீழாகப் பார்த்து, உங்கள் ரேங்குக்குத் திறந்திருக்கும் முதல் இடத்தைக் கொடுக்கிறார்கள். மேலே நாலு ஆசை இடங்களை எழுதியதால் ஐந்தாவதாக இருக்கும் நிச்சய இடம் பறிபோகாது. தலைகீழாகச் செய்தால்தான் ஆபத்து. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மாணவன் பிரவுசிங் சென்டரில் யாரோ சொன்னதைக் கேட்டு, 'எப்படியும் கிடைக்கிறதை முதலில் போடு' என்று போட்டுவிட்டான். முதல் இடமே கிடைத்தது. அவனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய இரண்டு நல்ல இடங்கள் அதற்குக் கீழே படிக்கப்படாமலே கிடந்தன. இன்றைக்கும் அந்தத் தாள் என் கண்ணில் நிற்கிறது.

தராசே இல்லாத வாசல்

இதுவரை சொன்னது ரேங்க் வாசல்கள். இரண்டு மூன்று வருடங்களாக மதுரையிலும் பிள்ளைகள் வேறு மாதிரி வாசலைப் பற்றிக் கேட்கிறார்கள்: ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி. (குரோம்பேட்டை எம்ஐடி அல்ல, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் இருப்பது.) அங்கே கடைசி ரேங்க் என்று ஒன்று அச்சாவதே இல்லை. விண்ணப்பத்தை முழுதாகப் படித்து, ஒரு குழு உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறது.

ஹார்வர்டின் சேர்க்கை முறைமீது ஒரு வழக்கு நடந்து, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 2023-இல் அங்கே தீர்ப்பானது. அதன் கீழமை நீதிமன்றத் தீர்ப்பில் ஒரு வருடத்தின் கணக்கு வெளியே வந்தது. அந்த வருடம் உள்நாட்டில் இருந்து விண்ணப்பித்தவர்களில் ஏறக்குறைய 8,000 பேர் பள்ளிப் பாடங்களில் முழு மதிப்பெண். அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் சாட் தேர்வின் கணிதத்தில் முழு மதிப்பெண் எடுத்தவர்கள் 3,400-க்கு மேல். இருந்த இடம் 2,000-க்கும் குறைவு. எல்லோரும் நூறு எடுத்துவிட்டால் நூறு யாரையும் பிரித்துக் காட்டாது. மதிப்பெண் படிவத்தைப் படிக்க வைக்கும், அதற்கு மேல் அதன் வேலை முடிந்துவிடும். ஹார்வர்டில் 2024-இல் சேர விண்ணப்பித்தவர்கள் சுமார் 54,000 பேர், இடம் கொடுக்கப்பட்டது 2,000-க்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு. நூற்றுக்கு நாலுகூட இல்லை.

அந்த நாலு நம் பிள்ளையின் நாலும் அல்ல. அந்தக் கூட்டத்தில் சும்மா போட்டுப் பார்த்தவர்களும் உண்டு, அவர்களைக் கழித்தால் நம் பிள்ளைக்கு வாய்ப்பு கொஞ்சம் ஏறும். ஆனால் சேர்ந்தவர்களில் விளையாட்டு அணிக்காக எடுக்கப்பட்டவர்களும் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களைக் கழித்தால் இறங்கும். வெளிநாட்டு மாணவர் என்றால் இன்னும் இறங்கும். எம்ஐடி தன் கணக்கை உள்நாடு, வெளிநாடு என்று பிரித்தே காட்டுகிறது: வெளிநாட்டவருக்கு அது நூற்றுக்கு இரண்டை ஒட்டி.

பிறகு பணம். கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து இந்தக் கல்லூரிகளில் வருடத்துக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகிறது. உதவித்தொகை இல்லாமல் போகக்கூடிய வீடு நம் பக்கம் அபூர்வம். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட், டார்ட்மவுத், போடின் போன்ற சில இடங்கள் மட்டும் வெளிநாட்டு மாணவர் பணம் கேட்கிறாரா என்று பார்க்காமல் முடிவு செய்துவிட்டுத் தேவையான உதவியைக் கொடுக்கின்றன. பெரும்பாலான மற்றக் கல்லூரிகளில் உதவி கேட்டாலே அதுவும் தராசில் ஏறுகிறது. ஆகவே பெயரில் சற்றுக் கீழே இருக்கும் கல்லூரி நமக்கு எளிது என்று எண்ணிவிட முடியாது.

மேலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் பத்துக் கல்லூரிகளின் பட்டியலோடு வந்தான். "ஒவ்வொண்ணுலயும் நூத்துக்கு நாலுன்னா, பத்துக்கும் சேத்து நாப்பது சார்" என்றான். கூட்டக்கூடாது தம்பி என்றேன். பத்திலும் கிடைக்காமல் போகும் வாய்ப்பைப் பெருக்கிப் பார்த்தால் நூற்றுக்கு 66 வருகிறது. ஒன்றாவது கிடைப்பது 34. அதுவும் பத்து முடிவுகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருந்தால்தான். இங்கே பத்து இடத்துக்கும் போவது அதே படிவம், அதே கட்டுரை, அதே ஆசிரியர் கடிதம். ஒரே ஜாதகத்தைப் பத்து வீட்டுக்குக் கொடுப்பது போல. ஒரு வீட்டில் எதைப் பார்த்துத் தயங்கினார்களோ அதையே பார்த்து மற்ற வீட்டிலும் தயங்குவார்கள். உண்மையான வாய்ப்பு 34-ஐவிடக் குறைவுதான். எவ்வளவு என்று புள்ளி வைத்துச் சொல்லும் ஏஜென்ட் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

பின் அந்தப் பையனால் செய்யக்கூடியது என்ன? அவன் ஆசிரியர் கொடுத்த கடிதத்தைக் காட்டினான். 'நல்லொழுக்கமும் கடின உழைப்பும் உள்ள மாணவன்' என்று இரண்டே வரி. அது நன்னடத்தைச் சான்றிதழ். அவர்கள் கேட்பது இவனை வகுப்பில் நேரில் பார்த்த ஒருவரின் சாட்சி. படிவத்தில் பாடத்துக்கு வெளியே செய்தவற்றைப் பத்து வரை எழுதலாம், ஒவ்வொன்றின் விளக்கத்துக்கும் 150 எழுத்து. அவன் வினாடி வினாப் பரிசு, பேச்சுப் போட்டிப் பரிசு என்று ஏழு நிரப்பியிருந்தான். "வீட்டில் என்ன செய்வாய்?" என்று கேட்டபோது, பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டபின் தன் ஊர்க் கண்மாய் எத்தனை நாளில் எவ்வளவு ஏறுகிறது என்று மூன்று வருடமாகக் குறித்து வருவதாகச் சொன்னான். மடைக்கல்லில் பெயின்டால் கோடு போட்டு, தினம் காலையில் சைக்கிளில் போய்ப் பார்த்து, நீளமான கணக்கு நோட்டில் தேதியும் அங்குலமும் எழுதியிருக்கிறான். எந்த மடை முதலில் திறக்கிறது என்று ஊரில் சண்டை வந்தபோது அந்த நோட்டைத்தான் கேட்டு வாங்கினார்களாம். "இதை ஏன் எழுதலை?" "இதெல்லாம் எழுதுவாங்களா சார்?"

அதைத்தான் எழுத வேண்டும். அந்த நோட்டு ஒன்றாலேயே இடம் கிடைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன், நூற்றுக்கு மூன்று ஐந்தாகுமா என்றும் தெரியாது. ஆனால் ஆயிரம் முழு மதிப்பெண்ணுக்கு நடுவில் இந்தப் பையன் யார் என்று அந்த நோட்டு சொல்லும், பரிசுப் பட்டியல் சொல்லாது. சென்னை கணிதக் கழகத்தின் தேர்வையும் ஜேஇஇயையும் கையோடு எழுதச் சொன்னேன். வெளிநாட்டு விண்ணப்பம் மட்டும் போட்டுவிட்டு ரேங்க் வாசல்களை விட்டுவிடுவது, இந்த விஷயத்தில் ஒரு நல்ல பிள்ளை செய்யக்கூடிய ஆகப்பெரிய தவறு.

பாலமேட்டுப் பெண்ணுக்கு வருவோம். அவள் வெள்ளைத்தாளில் மூன்று பத்தி கோடு போட்டுக்கொண்டாள். 1794-இல் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் முதல் வரி. அதே கல்லூரியில் மின்னணுவியல் இரண்டாவது. அடுத்து குரோம்பேட்டை எம்ஐடி, கோவையில் இரண்டு. நம் திருப்பரங்குன்றத்துத் தியாகராசர் பொறியியல் கல்லூரியை எங்கே வைப்பது என்று அப்பாவும் மகளும் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். வீட்டிலிருந்தே போய் வரலாம் என்றார் அவர். அவள் அதை ஆறாவதாக எழுதினாள். "கிண்டி முதல்ல இருக்கட்டுமா சார், இல்ல ஆசைப்படுறேனா?" என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன். தரவரிசை வந்ததும் பொது ரேங்க், சமுதாய ரேங்க், 7.5 ரேங்க் மூன்றையும் அதே தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினேன்.